இருபத்தொன்றேகால் அங்குலம்

ஜூலை 3, திங்கள்

காலையில் குளியலறைத் தண்ணீர் இறங்கவில்லை. சல்லடையை எடுத்துப் பார்த்தேன். முடி. இரண்டு கை நிறைய இருந்தது. பழைய தினத்தாளில் சுற்றிக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். சுகந்தியிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சர்வே துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாட்குறிப்பு எழுதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எந்த ஊர், எந்தப் புலம், எத்தனை கல் நட்டோம் என்று. ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் கை விடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுவேன்.

நடந்தது இது. என் மருமகள் சுகந்திக்கு மார்பில் கட்டி. ஏப்ரலில் தஞ்சாவூரில் ஆபரேஷன் ஆயிற்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். மொத்தம் ஆறு. இரண்டு முடிந்திருக்கிறது. என் மகன் அறிவழகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். ஆபரேஷனுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனான். என் மனைவி லலிதா காலமாகி நாலு வருடம். ஆகவே திருத்துறைப்பூண்டியில் இந்த வீட்டில் நானும் சுகந்தியும்தான்.

மாலை கடைத்தெருவில் தொப்பி தேடினேன். கம்பளிக் குல்லாவும், கிரிக்கெட் தொப்பியும்தான் இருந்தன. கம்பளியே வாங்கி வந்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

கம்பளிக் குல்லா ஆகவில்லை. அரை மணி நேரத்தில் நெற்றியெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. ஜூலை வெயிலில் கம்பளி வாங்கியவன் புத்திசாலி இல்லை. சுகந்தி துண்டைக் கட்டிக்கொண்டு சமைத்தாள். குனியும்போதெல்லாம் அவிழ்ந்தது.

"மெல்லிசா பருத்தியில ஒண்ணு இருந்தா போதும் மாமா. நெத்தியை மறைக்கிற மாதிரி ஓரம் வச்சு. புருவமும் போயிடும்னு நர்ஸ் சொன்னாங்க."

லலிதாவின் தையல் மெஷினைத் திறந்தேன். எண்ணெய் விட்டேன். பெல்ட் நைந்திருக்கிறது.

ஜூலை 6, வியாழன்

பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி ஜாக்கெட் தைப்பவர். தன் வீட்டுக்காரருக்குத் தொழுகைத் தொப்பியும் அவரே தைப்பார். தானே தைத்துத் தருவதாகச் சொன்னார். நான் தைக்கிறேன், சொல்லி மட்டும் கொடுங்கள் என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றார்.

மேலே ஒரு வட்டம், சுற்றிலும் ஒரு பட்டை, கீழே வளைந்த ஓரம். மூன்று துண்டுதான்.

"தலைச் சுத்தளவு எவ்வளவு சார்?"

தெரியாது என்றேன்.

"அளந்துட்டு வாங்க."

நான் எழுந்திருக்கவில்லை. எத்தனையோ ஊரை அளந்திருக்கிறேன். மருமகள் தலையில் மாமனார் நாடாவைச் சுற்ற முடியுமா. ரஹ்மத்துக்குப் புரிந்துவிட்டது. இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரே போனார். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தார். இருபத்தொன்றேகால்.

ஜூலை 9, ஞாயிறு

இருபத்தொன்றேகாலை மூன்று புள்ளி ஒன்று நாலால் வகுத்தால் ஆறே முக்கால் அங்குல விட்டம். காம்பஸ் வைத்து வட்டம் போட்டு, பழைய வேட்டியில் துல்லியமாக வெட்டினேன். தைத்து முடித்தபோது தலையின் உச்சியில் மட்டும் நின்றது.

ரஹ்மத் பார்த்துவிட்டு, "தையலுக்குத் துணி விடலையே சார்" என்றார்.

நிலத்தில் அப்படி விடுவதில்லை. கோடு என்றால் கோடு.

சுகந்தி அதைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். "இட்லி வேகப் போடுற துணி மாதிரி இருக்கு மாமா" என்றாள். சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரிப்பை இன்றுதான் கேட்டேன்.

ஜூலை 10, திங்கள்

மூன்றாவது மருந்து. காலை ஆறரைக்குக் கார். வரும் வழியில் அவள் வாந்தி எடுக்க இரண்டு இடத்தில் நிறுத்தினோம். பாட்டிலை நீட்டுவதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வதும்தான் என்னால் ஆனது. "வீட்டுக்காரர் வரலையா?" என்று இன்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று முறையும் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

ஜூலை 16, ஞாயிறு

அறிவு பேசினான். வழக்கமாக நாலு நிமிடம் பேசுவான். இன்று பதினோரு நிமிடம். அங்கே வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். ஒரு பெயரும் சொன்னான். பெண் பெயர். மற்றதை இங்கே எழுதவில்லை.

ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து போய்த் திரும்பினேன். பால் வாங்கப் போனவன் பால் வாங்காமல் வந்துவிட்டேன்.

சுகந்தி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா சொன்னாரு?"

"ஆகஸ்டுல வரப் பார்க்கிறானாம்."

என் முகத்தைப் பார்த்தாள். "சரி மாமா" என்று மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

ஜூலை 17, திங்கள்

மெஷின் பெல்ட் மாற்றினேன்.

ஜூலை 20, வியாழன்

இரண்டாவது தொப்பி. அளவு சரியாக வந்தது. ஆனால் உள்பக்கத் தையல் உறுத்துகிறது. முடி இல்லாத தலைக்குத் தையல் விளிம்பு முள்ளு மாதிரி என்று ரஹ்மத் சொன்னார். இரண்டு பக்கமும் மடித்து, பிசிறு வெளியே தெரியாமல் தட்டையாகத் தைக்கக் காட்டிக்கொடுத்தார். பத்து தடவை பிரித்தேன். துணி நைந்துவிட்டது. வேட்டித் துணி பழகுவதற்குத்தான் லாயக்கு. நல்ல துணி வேண்டும்.

ஜூலை 23, ஞாயிறு

நல்ல துணி கிடைத்துவிட்டது.

மத்தியானம் சுகந்தி ஒரு சட்டையை எடுத்து வந்தாள். நீலக் கட்டம் போட்டது. முந்தின வருடம் தீபாவளிக்கு அவள் தேடித் தேடி எடுத்தது. அவன் அந்தத் தீபாவளிக்கு வரவில்லை. கழுத்து அட்டையும் குண்டூசியும் அப்படியே இருந்தன.

"இதுல வெட்டுங்க மாமா."

"இது அறிவோட சட்டைம்மா."

"ஆமாம். நல்ல காட்டன். மூணு தடவை தண்ணியில அலசினா இன்னும் மெதுவாயிடும்."

"வந்தா கேப்பான்."

"கேக்க மாட்டாரு."

மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் என்னை ஏதாவது கேட்டிருப்பாள்.

ஜூலை 25, செவ்வாய்

அலசிக் காயப்போட்ட சட்டையை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கத்தரி ஓடவில்லை. பிறகு முதுகுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முதுகில் வட்டமும் ஓரமும். இரண்டு கையிலும் சேர்த்துப் பட்டை. உள்ளே பழைய வேட்டி.

ஜூலை 28, வெள்ளி

முடிந்தது. எங்கும் உறுத்தவில்லை என்றாள். கட்டங்கள் பட்டையும் வட்டமும் சேரும் இடத்தில் நேராகப் பொருந்தியிருக்கின்றன. அதற்கே இரண்டு நாள். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"எப்படியிருக்கு மாமா?"

"அளவு சரியா இருக்கும்மா."

வேறு நல்லதாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 31, திங்கள்

நாலாவது மருந்து. பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மா, தொப்பி எந்தக் கடை என்று கேட்டார். "எங்க மாமா தைச்சாங்க" என்றாள் சுகந்தி. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

சுகந்தி ஒரு நர்சரி பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். மார்ச்சிலிருந்து விடுப்பு. இன்று கொடியேற்றத்துக்குப் போயே தீருவேன் என்றாள். நீலக் கட்டத் தொப்பிக்குப் பொருத்தமாக நீலச் சேலை கட்டினாள். கொண்டு போய் விட்டேன்.

பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்களாம். ஒரு சின்னப் பெண், "மிஸ், உள்ள முடி இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் குனிந்து தொப்பியைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க தம்பிப் பாப்பா தலை மாதிரி இருக்கு" என்றதாம். சொல்லும்போது சுகந்திக்கு முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

மிட்டாய் கொடுத்து முடிந்த பிறகு தாளாளர் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். பெற்றோர் இரண்டு பேர் சங்கடப்படுகிறார்கள், பிள்ளைகள் பயந்துவிடும், இந்த வருடம் முழுக்க நன்றாக ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னாராம். மேஜை இழுப்பறையில் இருந்ததையெல்லாம் ஒரு துணிப் பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்துவிட்டாள். சாக்பீஸ் டப்பா, ஸ்டிக்கர், ஒரு கண்ணாடி டம்ளர்.

ஆகஸ்ட் 19, சனி

பதிவுத் தபால். வக்கீல் நோட்டீஸ். சுகந்திதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். வாசலில் நின்றபடியே படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். கண்ணாடியைத் தேடுவதாக நான் உள்ளே போனேன்.

"தேட வேணாம் மாமா. உங்களுக்குத்தான் தெரியுமே."

வந்து உட்கார்ந்தேன்.

"அந்த ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லிட்டாருல்ல. பால் வாங்காம வந்தீங்களே, அன்னைக்கு."

"உனக்கு மருந்து ஏத்துற நேரம்மா. அதான் ஆகஸ்டுன்னு ஏதோ சொல்லி வச்சேன்."

"எனக்குப் பிப்ரவரியிலயே தெரியும் மாமா. கட்டி இருக்குன்னு தெரியறதுக்கு முன்னாடியே. அவரே சொல்லிட்டாரு."

ஆறு மாதம். இந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டு, அவன் பேசும்போதெல்லாம் போனை என்னிடம் கொண்டு வந்து கொடுத்து, "நல்லா பேசினாருங்க மாமா" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிட்டா, அப்புறம் இந்த வீட்டுல நான் யாரு மாமா?"

 

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அறிவைப் போனில் கூப்பிட்டேன். வக்கீல் மூலமாகப் பேசுவது இந்த வீட்டு வழக்கம் இல்லை, நேரில் வந்து அவள் எதிரே உட்கார்ந்து சொல் என்றேன். வருகிறேன் என்றான்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஐந்தாவது மருந்து. முதுகு வலிக்கிறது என்கிறாள். கார் பயணத்தால் இருக்கும்.

செப்டம்பர் 9, சனி

அறிவு வந்தான். இளைத்திருக்கிறான். கூடத்தில் சுகந்தியைப் பார்த்ததும் அவன் கண் தொப்பியில் நின்றது.

"அது என்னோட சட்டை மாதிரி இருக்கு."

"ஆமாம்" என்றாள். "நல்லாயிருக்கா?"

அவன் குனிந்துகொண்டான். பெட்டியின் கைப்பிடியை மடக்கி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கொல்லையில் என்னிடம் பேசினான். "எனக்கு மட்டும் கஷ்டமா இல்லைன்னு நினைக்கிறீங்களாப்பா? கல்யாணமாகி அஞ்சு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தது அஞ்சு மாசம் கூட வராது. அவளுக்கு உடம்புக்கு வரும்னு எனக்குத் தெரியுமா? அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சுப்பா."

"நாளன்னைக்குக் கடைசி மருந்து. ஒரு நாள் தஞ்சாவூருக்கு வா. பக்கத்துல உக்காரு. அது போதும் எனக்கு."

"நாளைக்கு ஃப்ளைட்டுப்பா."

அவன் நாலு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் காகிதங்களை விரித்தான். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாக மனு. எங்கெங்கே கையெழுத்து என்று அவன் விரலால் காட்டக் காட்ட அவள் போட்டாள். ஏழு இடம். டீச்சர் கையெழுத்து, ஒவ்வொன்றும் ஒரே மாதிரி. முடித்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க, வத்தக்குழம்பு வச்சிருக்கேன்" என்றாள். அவன் சாப்பிட்டான். நான் எழுந்து போய்விட்டேன்.

போகும்போது என் காலைத் தொட்டான். 

செப்டம்பர் 11, திங்கள்

ஆறாவது மருந்து. முடிந்தது.

செப்டம்பர் 27, புதன்

ஸ்கேன் முடிவு. டாக்டர் வயதில் சிறியவர். "ஹஸ்பண்ட் வரலையா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி, "மாமாகிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

எலும்பில் நாலு இடம். ஈரலில் ஒன்று. முதுகு வலி காரால் வந்தது இல்லை.

வெளியே வந்து கரும்புச்சாறு வேண்டும் என்று கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

அக்டோபர் 7, சனி

சுகந்தியின் அண்ணன் திருஞானம் நாளை பட்டுக்கோட்டையிலிருந்து வருகிறார். அவளே வரச் சொல்லியிருக்கிறாள். அம்மா அப்பா இல்லாத பெண். அண்ணன் ஒருவர்தான்.

"உங்களுக்கு இருக்கறது ஒரே பிள்ளை மாமா. நான் இங்க இருக்குற வரைக்கும் அவரு இந்த வாசப்படி ஏற மாட்டாரு. உங்களுக்கும் வயசாகுது."

"உன் இஷ்டம்மா" என்றேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

திருஞானம் நல்ல மனிதர். கோபமாகப் பேசவில்லை. காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "கையெழுத்துப் போட்டதுக்கப்புறம் எந்த முறையில அவ இங்க இருக்கறது? நீங்களே சொல்லுங்க மாமா" என்றார்.

சுகந்தி கதவோரம் நின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லவில்லை.

மாத்திரைகளை எந்த நேரம் எது என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கார் போனது. நடந்ததை மட்டும் எழுதுவேன் என்று சொன்னேன். இன்றைக்கு நடக்காத ஒன்றையும் எழுத வேண்டும். போகாதே என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

சாம்பார் மிஞ்சிவிட்டது. இன்னும் இரண்டு பேர் அளவுக்கே வைக்கிறேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

பட்டுக்கோட்டை போனேன். பின்கட்டு அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இருக்கிறது. சுகந்தியின் அண்ணி டீ கொடுத்தாள். நீலத் தொப்பி துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது.

"இன்னொண்ணு தைச்சுத் தர்றீங்களா மாமா? மஞ்சள்ல. நல்ல மாம்பழ மஞ்சளா."

அரை மணி நேரம் இருந்தேன். பேருந்து நிலையத்தில் காய்கறி என்ன விலை, ரஹ்மத் வீட்டுக் கிணற்றில் மோட்டார் போட்டார்களா என்று எல்லாம் கேட்டாள். அறிவைப் பற்றிக் கேட்கவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

மஞ்சள் தொப்பி முடிந்தது. ரஹ்மத் ஒரு குறையும் சொல்லவில்லை. ஓரத்தில் மெல்லியதாகப் பூப்பின்னல் போட்டுத் தந்தார்.

நவம்பர் 19, ஞாயிறு

தொப்பி பெரியதாகிவிட்டது. தலையில் வைத்ததும் இறங்கிக் கண்ணை மறைத்தது. "நல்லாயிருக்கு மாமா" என்று ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று முறை அளந்து வெட்டியது. இருபத்தொன்றேகால். எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. வெட்டும்போது துணி இழுபட்டிருக்கும்.

கிளம்பும்போது அண்ணி வாசல் வரை வந்தாள். இதுவரை என்னை மாமா என்று கூப்பிட்டவள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். எதிர் வீட்டுல கேக்குறாங்க, அடிக்கடி வர்றது யாருன்னு. பிரிஞ்சு போன புருஷனோட அப்பான்னு சொன்னா, அவரு எதுக்கு வர்றாருன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. நான் எதற்கு வருகிறேன் என்று சொல்ல ஒரு சொல் எங்களிடம் இல்லை.

நவம்பர் 26, ஞாயிறு

மறுபடி வெட்டினேன். மஞ்சளிலேயே. இருபது அங்குலம் வைத்தேன். பட்டுக்கோட்டை பஸ் கண்டக்டரிடம் பொட்டலம் கொடுத்து அனுப்பினேன். திருஞானம் நிலையத்தில் வந்து வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் 24, ஞாயிறு

சுகந்தி போன் செய்தாள். குரல் கொஞ்சமாகத்தான் வருகிறது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துகிறாள்.

"இந்தத் தொப்பி நல்லா உக்காந்திருக்கு மாமா."

"சரிம்மா."

"ஒண்ணு கேக்கட்டுமா? கேட்டா வருத்தப்படக் கூடாது."

"கேளு."

"அன்னைக்கு அண்ணன் கேட்டப்ப, நீங்க போகாதேன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். நானாத்தான் கிளம்பினேன். இருந்தாலும் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"சொல்லியிருக்கணும்மா."

"சரி, விடுங்க."

"இப்ப சொன்னா வருவியா?"

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். "வருவேன் மாமா" என்றாள்.

டிசம்பர் 26, செவ்வாய்

திருஞானத்திடம் பேசினேன். ஊர் என்ன சொன்னாலும் அது என் பாடு, அழைத்து வந்துவிடுகிறேன் என்றேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டது போலிருந்தது. "பொங்கல் கழியட்டும் சார். இப்ப அலைச்சல் தாங்காது" என்றார்.

அறிவிடமும் சொன்னேன். "அப்ப நான் எப்படிப்பா அங்க வர்றது?" என்றான். உன் இஷ்டம் என்றேன்.

டிசம்பர் 30, சனி

முன்னறையைக் காலி செய்தேன். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினேன். கழிப்பறையில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி அடிக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே வந்து ஊசி போடும் நர்ஸ் பெயரை வாங்கி வைத்திருக்கிறேன். ரஹ்மத் பகலில் துணைக்கு இருப்பதாகச் சொன்னார். மெத்தை வாங்கியாயிற்று. இலவம்பஞ்சு.

ஜனவரி 6, சனி

போன் எடுக்கவில்லை. தூங்குகிறாள் என்றாள் அண்ணி.

ஜனவரி 11, வியாழன்

எந்தத் தேதி காரோடு வரலாம் என்று கேட்கக் காலையில் திருஞானத்துக்குப் போன் செய்தேன்.

"செவ்வாய்க்கிழமை போயிட்டா சார்."

எங்கே என்று கேட்டேன். அப்படிக் கேட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை எடுத்துவிட்டார்களாம். பொங்கல் நெருங்குவதால் வைத்திருக்க முடியவில்லையாம். "அறிவுக்கு மெசேஜ் போட்டேன் சார். உங்களுக்குச் சொல்லணும்னு அப்பத் தோணல. மன்னிச்சுக்குங்க." அழுதார். அவரை நான் தேற்றினேன்.

பிறகு முன்னறையில் போய் உட்கார்ந்தேன். மெத்தை மேல் இல்லை. தரையில்.

ரஹ்மத் வந்து கதவோரம் அமர்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எதிர் வீட்டு வைத்தியலிங்கம் வந்தார். என்னோடு வேலை பார்த்தவர். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேசிவிட்டு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார்.

"உங்களுக்குத் தீட்டு எதுவும் இல்ல சார். அதான் ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்துட்டாங்களே. நீங்க தாராளமா பொங்கல் வைக்கலாம். எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

"வாய்தா மார்ச் பன்னிரண்டு" என்றேன். "ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் கோர்ட்டுல வந்து சொன்னாத்தான் தீரும். கேஸ் நிலுவையில இருக்கு. அவ இந்த வீட்டு மருமகளாத்தான் செத்துருக்கா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொல்லைக்குப் போய்க் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கட்டின வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டேன். மார்கழித் தண்ணீர். எத்தனை வாளி என்று எண்ணவில்லை. ரஹ்மத் வந்து, "போதும் சார், போதும்" என்ற பிறகுதான் நிறுத்தினேன்.

சாயங்காலம் அறிவு கூப்பிட்டான்.

"கேள்விப்பட்டீங்களாப்பா?"

"ம்."

"நேத்தே சொல்லலாம்னு நினைச்சேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

 அவன் பக்கத்தில் ஏதோ பேருந்து போகும் சத்தம் கேட்டது.

"குளிச்சியா?" என்று கேட்டேன்.

"என்னப்பா?"

"சேதி வந்ததும் தலையில தண்ணி ஊத்திக்கிட்டியா?"

"நான் எதுக்குப்பா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

"நான் குளிச்சுட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.